பதினோராவது மைலும் ரீஜென்ட் வண்டியும்

செம்மேட்டுப்பாளையம் தாலுகா போர்டின் ரோடு ஓவர்சியர் திருமூர்த்தி, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் வருஷம் ஐப்பசி மாதத்தில், தம்முடைய பழைய மோட்டார் சைக்கிளைக் கொடுத்துவிட்டுப் பெரியதாக ஒன்று வாங்கலாமா என்று யோசிக்க ஆரம்பித்தார். ஒரு மனிதர் தம் வண்டியைப் பற்றி யோசிப்பது சாதாரணமாகப் பொதுஜன விவகாரம் ஆகாது. ஆனால் திருமூர்த்தியின் வண்டி போர்டின் அளவுகோலாக இருந்தது.

ரோட்டில் உள்ள குழிகளைக் குனிந்து எண்ணுவது உத்தியோகஸ்தரின் அந்தஸ்துக்குப் பொருந்தாது என்று போர்டு முன்னமே தீர்மானித்திருந்தது. ஆகவே ஓவர்சியரின் வண்டிக்குப் பின்னால் ஒரு தகர டப்பா கட்டப்பட்டது. டப்பாவுக்குள் இருநூறு புளியங்கொட்டை. அடியில் ஒரு துவாரம். வண்டி ஒரு தரம் தூக்கிப் போட்டால் ஒரு கொட்டை விழும். மைலுக்கு இருபது கொட்டைக்கு மேல் விழுந்தால் ஜல்லி போடுவார்கள். அதற்குக் குறைந்தால் அது நல்ல ரோடு. சில ரோடுகளின் ஓரத்தில் புளியங்கன்று முளைத்திருந்தது. அதையும் போர்டு மரம் வளர்க்கும் திட்டத்தின் கீழ் ரிப்போர்ட்டில் எழுதிக்கொண்டது.

பதினோராவது மைலில் மட்டும் நாற்பத்து மூன்று கொட்டை விழுந்துவந்தது. மார்கழியில் கடைசிப் பரிசோதனை முடிந்ததும் அங்கே ஜல்லி போடுவதாக ஏற்பாடு.

அந்த ஜல்லிக்காகக் காத்திருந்தவர் திருமூர்த்தியின் மச்சான் பாலுசாமி. அவருடைய மகளைப் பெருந்துறையில் கொடுப்பதாகப் பேச்சு. நிச்சயம் செய்ய வந்த அன்று, பதினோராவது மைலில் மாட்டு வண்டியின் இருசு முறிந்து, மாப்பிள்ளையின் தகப்பனார் வேங்கடசாமி வெற்றிலைத் தட்டோடு பள்ளத்துச் சேற்றில் போய் உட்கார்ந்தார். தட்டை அவர் கடைசிவரை நேராகவே பிடித்திருந்தார் என்பதைப் பார்த்தவர்கள் எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். எழுந்ததும் ஒரே வார்த்தைதான் சொன்னார்: "ரோட்டுக்குக் கல்லுப் போட்டாத்தானுங்க கண்ணாலம்."

"மாப்பிள்ளை, என்ற புள்ளையோட பொழப்பு உங்க டப்பாவுலதான் இருக்குதுங்க" என்று பாலுசாமி ஓவர்சியரிடம் வந்து சொன்னார்.

"நாப்பத்து மூணு கொட்டை, மச்சான். எவன் வந்து தடுப்பான்? தையில கண்ணாலத்த வெச்சுக்குங்க" என்றார் திருமூர்த்தி.

அந்த வாரமே அவர் வண்டிக்கு ஒரு டியூப் வாங்கக் கோயமுத்தூர் போனார். ஒப்பணக்காரத் தெருவில் மோட்டார் சைக்கிள் ஏஜெண்டு அரங்கசாமியின் கடை வாசலில் ரீஜென்ட் டூரிங் மாடல் நின்றது. ஆயிரம் ஸி.ஸி. பக்கத்தில் தொட்டில் மாதிரி ஒரு ஸைட்கார். ஸீட்டுக்கு அடியில் யானையின் தும்பிக்கை கனத்தில் இரண்டு ஸ்பிரிங்.

"சும்மா உக்காந்து பாருங்க" என்றார் அரங்கசாமி.

திருமூர்த்தி உட்கார்ந்தார். பதினான்கு வருஷமாகத் தம் முதுகில் இருந்துவந்த ஒரு வலி, விடைபெறாமலே கிளம்பிப் போனது போல் இருந்தது.

"இதுல ஊட்டிக்குப் போனாலும் உடம்புக்குச் சேதி தெரியாதுங்க."

"எனக்கு ஊட்டியில வேலை இல்லீங்களே."

"இதை வாங்குறவிய ஆருக்குமே ஊட்டியில வேலை இல்லீங்க. போலாமுங்கற நெனப்புக்குத்தானுங்க வெலை."

பழைய வண்டியைக் கார்த்திகை முடிவதற்குள் கொடுத்தால் நல்ல தள்ளுபடி என்றார் அரங்கசாமி. கோயமுத்தூரில் மில் முதலாளிகள் வாங்கிவிட்டார்களாம். பக்கத்துத் தாலுகா ஓவர்சியர், தாம் கேட்ட வண்டி வருவதற்கு முன்பே கண்ணுக்குப் போடும் கறுப்புக் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு மாட்டு வண்டியில் போய்வருகிறாராம்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் அவர் மனைவி குழந்தையம்மாள் கேட்டாள்: "ஏனுங்க, அந்தத் தொட்டில்ல ஆரு உக்கார்றது?"

"நீதான் அம்மணி."

"நா ரோட்டையா பாக்கப் போறேன்? வாங்கோணும்னா வாங்குங்க. மார்கழில பழைய வண்டில ஒருக்கா ஓட்டி அந்த நாப்பத்து மூணையும் கொட்டிப்போட்டு, அப்புறம் வாங்குங்க. எங்கண்ணன் புள்ளை கண்ணாலம் முடியட்டும்."

இது மிகவும் நியாயமான யோசனை. நியாயமான யோசனை என்பதனால் அதை போர்டிடம் எழுத்துமூலம் தெரிவித்து அனுமதி கேட்டார் திருமூர்த்தி. தள்ளுபடியோ கார்த்திகையோடு முடிகிறது. பழைய வண்டியை மார்கழிவரை தாமே வைத்துக்கொண்டு அதே தள்ளுபடியைப் பெற, அரங்கசாமிக்கு போர்டிலிருந்து ஒரு கடிதம் போனால் போதும். போர்டு அந்தக் கோரிக்கையை ஆழ்ந்து பரிசீலித்தது. எந்த வாகனத்தில் டப்பாவைக் கட்டுவது என்பது கொள்கைப் பிரச்னை ஆகையால், இரண்டு வண்டியையும் பதினோராவது மைலில் ஓட்டிப் பார்ப்பது என்று முடிவாயிற்று. ஸைட்காரில் பிரசிடெண்டு தாமே உட்காருவதாகச் சொன்னார். பொதுஜன சேவையில் சொந்த உடம்பைப் பார்க்கக் கூடாது என்பது அவர் கொள்கை.

முதலில் பழைய வண்டி. நாற்பத்து மூன்று கொட்டை விழுந்தது. நாற்பத்து நான்காவதாகத் திருமூர்த்தியின் தலைப்பாகை விழுந்தது. அது கணக்கில் சேரவில்லை.

பிறகு, அரங்கசாமி ஓட்டிப் பார்க்க அனுப்பிய ரீஜென்ட். மைல் முடியும் இடத்தில் டப்பாவைத் திறந்து ஹெட் கிளார்க் ஐயாசாமி எண்ணினார். விழுந்தது இரண்டே கொட்டை. அதிலும் ஒன்று பிரசிடெண்டு தும்மியபோது விழுந்தது.

பிரசிடெண்டு இறங்க மனமில்லாமல் உட்கார்ந்தபடியே கேட்டார்: "மிச்சம் நாப்பத்தொரு குழி எங்கேய்யா?"

"ரெக்கார்டுப்படி இல்லீங்க" என்றார் ஐயாசாமி.

"மூடினது ஆரு?"

ஐயாசாமி வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்து வந்தார். "வண்டிதானுங்க."

அன்று மாலையே தீர்மானம் நிறைவேறியது. 'ரீஜென்ட் என்னும் மேற்படி வாகனம் ஒரே ஓட்டத்தில் நாற்பத்தொரு குழிகளைக் கல்லும் கூலியும் இன்றி நிவர்த்தி செய்திருப்பதால், பதினோராவது மைலுக்கு ஜல்லி அவசியமில்லை என்றும், மேற்படி ஜல்லிக்கு ஒதுக்கிய தொகையைக் கொண்டு ஓவர்சியருக்கு ஒன்றும் பிரசிடெண்டுக்கு ஒன்றுமாக மேற்படி வாகனங்கள் வாங்கலாம் என்றும், அவசியமானால் பிற குழிகளின் மீதும் இவை செலுத்தப்படலாம் என்றும் இந்த போர்டு ஏகமனதாகத் தீர்மானிக்கிறது.' ஆனால் ஓவர்சியர் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

திருமூர்த்தி ஒரு நாள் அவகாசம் கேட்டார். கையெழுத்துப் போட்டால் மச்சான் மகள் கல்யாணம் போச்சு. போடாவிட்டால் முதுகு போச்சு. டப்பாவின் துவாரத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிவிடலாமா என்றுகூட நினைத்தார். போர்டின் கருவியில் கை வைத்தால் ஆறு மாதம் சஸ்பெண்டு. மறுநாள் காலை பழைய வண்டியில் ஏறி ஆபீஸுக்குக் கிளம்பினார், வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடுவது என்ற உறுதியோடு. வழியில் பதினோராவது மைல் இருந்தது. ஆபீஸ் போய்ச் சேர்ந்ததும் பேனாவைக் கேட்டு வாங்கி, நிற்க முடியாமல் மேஜையில் சாய்ந்துகொண்டு, சம்மதம் என்று கையெழுத்துப் போட்டார்.

பாலுசாமி ஓடி வந்தார். "மாப்பிள்ளை, குழி அப்படியே இருக்குதுங்க. என்ற வண்டி நேத்துக்கூட உளுந்துச்சு."

"உங்க வண்டியில டப்பா இருந்துச்சா, மச்சான்?"

"இல்லீங்க."

"அப்ப உளுந்ததுக்கு ரெக்கார்டு இல்லீங்களே."

"முதுவு வலிக்குது, மாப்பிள்ளை! அதுக்கு ரெக்கார்டு வேணுமா?"

"இப்பிடிக் கத்தினா ஆவாது. சம்பந்தி வீட்டுக்கு நானே போய்ப் பேசறனுங்க."

திருமூர்த்தி சொன்ன சொல் தவறாதவர். புது ரீஜென்டை எடுத்துக்கொண்டு பெருந்துறைக்குப் போனார். வேங்கடசாமியை ஸைட்காரில் உட்காரவைத்து, கறுப்புக் கண்ணாடி மாட்டிவிட்டு, பதினோராவது மைலில் இரண்டு நடை ஓட்டினார். முன்பு தட்டோடு உட்கார்ந்த அதே பள்ளத்தை வேங்கடசாமி இப்போது மேலாகக் கடந்தார். சிரிப்பை அடக்க முடியவில்லை. மூன்றாவது நடையும் போகச் சொன்னார். நான்காவது நடையில் எதிரே வந்த மாட்டு வண்டிக்காரர்களைப் பார்த்துக் கையை ஆட்டினார். மாடுகள் மிரண்டு, ஒரு வண்டி பள்ளத்தில் இறங்கியது.

"ரோடு நல்லாத்தானுங்க இருக்குது" என்று, ரோட்டோரம் காத்து நின்ற பாலுசாமியிடம் வேங்கடசாமி சொன்னார். "நாந்தான் அன்னைக்குத் தப்பான வண்டில வந்துபோட்டேன். கண்ணாலத்தை வெச்சுக்கலாமுங்க."

பாலுசாமிக்குக் கண் கலங்கிவிட்டது. "பெரிய மனசுங்க உங்களுக்கு."

"ஒரே ஒரு சின்ன விசயமுங்க. நம்ம பையன் மாமனார் ஊட்டுக்கு வரோணும், போவோணும். இந்த ரோட்டுல எப்பிடிங்க வருவான்? அவனுக்கும் இதுல ஒண்ணு குடுத்துப்போடுங்க."

"ரோடு நல்லா இருக்குதுன்னீங்களே?"

"இந்த வண்டிக்குத்தானுங்க நல்லா இருக்குது."

பாலுசாமி கிணற்றடிப் பூமியில் ஒரு பாகத்தை விற்று வண்டியை வாங்கினார். தையில் கல்யாணம் ஜோராக நடந்தது. மாப்பிள்ளை ரீஜென்டில் வந்தார். மாட்டு வண்டியில் வந்த உறவினர்கள் வழக்கம்போல் பதினோராவது மைலில் விழுந்தார்கள். சேற்றிலிருந்து ஏறி வரும்போதே, மாப்பிள்ளையின் வண்டி அந்த இடத்தை எவ்வளவு அழகாகத் தாண்டியது என்பதைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தார்கள்.

அடுத்த வைகாசிக்குள் அந்த வட்டாரத்தில் பதினேழு ரீஜென்ட், பெரும்பாலும் மாமனார் வீட்டுச் சீதனம். சைக்கிள்கூட ஓட்டத் தெரியாத மாப்பிள்ளைகள், வண்டியைக் கொட்டகையில் நிறுத்திவிட்டுக் கறுப்புக் கண்ணாடியோடு கோயிலுக்குப் போய் இருட்டில் சாமி கும்பிட்டார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் முதலில் பதினோராவது மைலைப் பார்த்தார்கள். பெண் வீட்டாரோ, வந்த வண்டி அதைத் தாண்டிய விதத்தை வைத்துக் குடும்பத்தை எடைபோட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் யாரும் எதிர்பாராத ஒரு விபரீதம் நேர்ந்தது. மேலேயிருந்து ஓர் உத்தரவு வந்தது: பதினோராவது மைலுக்கு உடனே கல் பரப்பி ரோலர் உருட்ட வேண்டியது. ஊராருக்கு ஆட்சேபம் இருந்தால் பதினைந்து நாளுக்குள் தெரிவிக்க வேண்டியது.

ஊர் கூடிவிட்டது. ஆட்சேப மனுவில் முதல் கையெழுத்துப் போட்டவர் பாலுசாமி.

"ஏனுங்க மச்சான், இந்தக் கல்லுக்குத்தானே நீங்க அப்பிடி அலைஞ்சீங்க?" என்றார் திருமூர்த்தி.

பாலுசாமிக்குக் கோபம் வந்துவிட்டது. "பூமியை வித்து வண்டி வாங்கிக் குடுத்திருக்கறேனுங்க, மாப்பிள்ளை. ரோட்டை வழுவழுன்னு பண்ணிப்போட்டா, நாளைக்குக் கட்டை வண்டிக்காரனும் அலுங்காம வந்து எறங்குவான். அப்புறம் என்ற வண்டிக்கு என்னுங்க மருவாதி?"

பதினேழு வீட்டாரும் வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்கள். அவர்களுக்குப் பின்னால், ரீஜென்டே இல்லாதவர்கள் ஐம்பது அறுபது பேர், இருசு முறிந்த வண்டிகளை ஓரமாக விட்டுவிட்டு வந்து நின்றார்கள். நொண்டிக்கொண்டு வந்தவர்களும் உண்டு. அவர்களும் வரிசையில் ரேகை வைத்தார்கள். உங்களுக்கு என்ன வந்தது என்று ஐயாசாமி கேட்டதற்கு, எல்லாரும் சேர்ந்தாற்போல் பதில் சொன்னார்கள்:

"எங்க பசங்களும் நாளைக்குப் பொண்ணு கட்டோணுமில்லீங்களா?"