தொலைந்தால்தான் வைத்தியம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று நான்காம் ஆண்டு, பொதுமக்கள் நலன் கருதி, ஸ்ரீவில்லிபுத்தூரில் மருந்தாளுநர் படிப்பு நடக்கும் ஒரு கல்லூரிக்கு டெலிபோன் வந்தது. கூடவே சுந்தரபாண்டியன் என்ற சிறப்பு அலுவலரும் வந்தார். தூரத்திலுள்ள நோயாளியை முகம் பாராமல் போனிலேயே பராமரிக்க மாணவர்களுக்குப் பயிற்சி தரவேண்டுமாம். அந்த நோயாளிக்கு 'தொலைநோயாளி' என்று அவரே பெயர் வைத்தார்.

திறப்பு விழாவில் மாலை போட்டாகிவிட்டது, டெலிபோனுக்குத்தான். மணிதான் அடிக்கவில்லை. அந்த நேரம் பார்த்து, எதிரே போன் பூத் வைத்திருக்கும் நைனா முகமது ஓடிவந்தார். உதடு பன் மாதிரி வீங்கியிருந்தது.

"தலைவலிக்கு ஒரு மாத்திரை போட்டேன் தாயி. ஒடம்பெல்லாம் அரிக்கு. தானா வடியுமா, ஆஸ்பத்திரிக்குப் போகணுமா?"

மாணவி அருள்செல்வி பதறி எழுந்தாள். "ஐயோ பாய், அந்த மாத்திரைதான்..."

"பார்க்காதே!" என்று அலறினார் அலுவலர். "பார்த்தால் பயிற்சி செல்லாது. சுவர்ப் பக்கம் திரும்பு! நேரில் வந்தவருக்குப் பதில் சொல்ல நமக்கு அதிகாரமில்லை."

"அப்ப என் பூத்துலருந்து போன் போடுதேன் சார்."

"எதிர்த்த கடை தொலைவு ஆகாது. நீங்கள் இன்னும் தொலையவே இல்லை."

"எங்க போய்த் தொலைய?"

"இராஜபாளையம் போய்த் தொலையுங்கள்."

பாய் சொந்த பூத்தைப் பூட்டிவிட்டு பஸ் ஏறினார். இராஜபாளையத்தில் அடுத்தவன் பூத்திலிருந்து கூப்பிட்டபோது உதடு இன்னும் பெருத்திருந்தது.

"ஃபஃபாஃபே," என்றது டெலிபோன்.

"நாக்கை நீட்டச் சொல்," என்றார் அலுவலர்.

"நீட்டினா நமக்குத் தெரியாதே சார்?"

"தெரியக்கூடாது என்பதுதானே திட்டம்!"

அருள்செல்விக்குப் பொறுமை போய்விட்டது. "பாய், அந்த மாத்திரை ஒங்களுக்கு ஆகல. இனி தொடாதிய. அங்கனயே பெரியாஸ்பத்திரிக்கு ஓடுங்க!"

ஓடினார். ஊசி போட்டார்கள், வீக்கம் வடிந்தது. கல்லூரியில் அலுவலருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அருள்செல்வி ஒரு மூலையில் உட்கார்ந்து அழுதாள்.

"நம்ம ஊரு ஆஸ்பத்திரி ரெண்டு தெரு தள்ளித்தான இருக்கு பாய்?" என்று, பாய் ஊர் திரும்பியதும் அதே தெருவில் குடியிருக்கும் நான் கேட்டேன்.

"இருக்கு. ஆனா போன்ல சொன்னா அதுக்கு ஒரு பவர் இருக்குல்லா!"

சொன்னதோடு நிற்காமல், பூத்தையே இராஜபாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு மாற்றிவிட்டார். மறுவாரமே எங்கள் தெரு மொத்தமும் இருமிக்கொண்டு பஸ் ஏறியது. "தொலையுறவங்க எல்லாம் வெரசா ஏறுங்க!" என்று கண்டக்டர் கூவினார்.

எனக்கு ஆத்திரமான ஆத்திரம். இந்த முட்டாள்தனத்தை அலுவலர் முகத்துக்கு நேரே கேட்டுவிடுவது என்று கல்லூரி வாசல் வரைக்கும் போய்விட்டேன். அங்கே வைத்து ஒரு தும்மல் வந்தது.

ஓடிப்போய் இராஜபாளையம் பஸ்ஸில் ஜன்னலோரச் சீட்டைப் பிடித்தேன்.