சாரைக்கு ஒத்தடம்

பாம்புக்கு ஜுரச் சீட்டு எழுதித் தொங்கவிட்டவர் பூந்தமல்லியில் எங்கள் கம்பவுண்டர் ஒருவர்தான். அவருக்கு முன்னால் யாரும் அதைச் செய்ததில்லை. பின்னால் யாரும் ஆசைப்பட்டதாகவும் தெரியவில்லை.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். ஒரு டாக்டரின் வைத்தியசாலையில் நான் நோயாளிகளின் பெயர் எழுதும் குமாஸ்தா. மருந்து கலக்குபவர் கம்பவுண்டர். அவருக்குப் பெயர் என்று ஒன்று இருந்திருக்கும், யாரும் கேட்கவில்லை.

மார்கழியில் ஒருநாள் காலை, நூம்பலிலிருந்து முனுசாமி என்ற உழவர் ஒரு கோணிப்பையோடு வந்தார். வரப்பு வெட்டும்போது மண்வெட்டி பட்டு ஒரு சாரைப்பாம்பின் முதுகு கிழிந்துவிட்டதாம்.

“தெரியாம பட்ருச்சி அண்ணாத்தே. ஊட்ல பொஞ்சாதி முழுகாம கீறா. இது செத்துதுன்னா அவ மனசு தாங்காது. இன்னாவாச்சும் பண்ணு” என்றார்.

டாக்டர் முன்னறையில் ஒருவரின் காதுக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். கம்பவுண்டர் பையைப் பின்னறைக்குக் கொண்டுபோய் ஏழு தையல் போட்டார். தலையைப் பிடித்துக்கொண்டது நான். அதைப் பற்றி மேலே சொல்ல விருப்பமில்லை.

மருந்துப் புட்டிகள் வந்த பலகைப் பெட்டிகளை உடைத்து அவரே ஒரு கூண்டு அடித்தார். முன்பக்கம் கம்பி வலை. பாம்பு அதற்குள் கயிறு மாதிரி கிடந்தது. தவளை போட்டால் தவளைதான் பாம்பைச் சுற்றிப் பார்த்தது.

“இதுக்குச் சொந்தமா சூடு கெடையாதுப்பா. வெளியேர்ந்துதான் வாங்கணும். குளிர்ல வயிறு வேலை செய்யாது” என்றார்.

முதலில் கூண்டுக்கு அடியில் கரி அடுப்பு வைத்தார். அரை மணியில் அடிப்பலகை புகைந்தது. பாம்பு இருமியதாகச் சொன்னார், நான் கேட்கவில்லை. பிறகு செங்கல்லைச் சுட்டுச் சாக்கில் சுற்றி வைத்தார். தேநீர் ஆறுவதற்குள் செங்கல் ஆறியது. ஜுரம் பார்க்கும் தர்மாமீட்டரைக் கூண்டுக்குள் கட்டினார். அது மனிதனுக்காகச் செய்தது. தொண்ணூற்றைந்துக்குக் கீழே கோடே கிடையாது. பாதரசம் ஏறாத நாளெல்லாம் கூண்டில் தொங்கிய ஜுரச் சீட்டில் ‘குறைவு’ என்று எழுதினார்.

கடைசியில் டாக்டரின் வெந்நீர் ரப்பர் பையை எடுத்தார். வைத்தியசாலையிலேயே அது ஒன்றுதான். பாம்பு அதன்மேல் ஏறிச் சுருண்டது. மூன்றாம் நாள் ஒரு தவளையைக் காணோம். கம்பவுண்டர் வெளியே வந்து, “சாப்ட்டா” என்று மட்டும் சொன்னார். கண் கலங்கியிருந்தது.

மறுநாள் நெல் மண்டிக்காரர் ஒருவர் இடுப்பு பிடித்து, வில்லாக வளைந்து வந்து சேர்ந்தார். டாக்டர் ரப்பர் பையைக் கேட்டார்.

“அது இன்னொரு பேஷண்ட்டுக்கு வச்சிருக்கு, டாக்டர்.”

“யாருக்கு?”

“லேடி. ஆபரேஷன் கேஸ்.”

“யார் செய்த ஆபரேஷன்?”

“நான்தான்.”

டாக்டர் எழுந்து பின்னறைக்குப் போனார். நான் கம்பவுண்டருக்கு வேறு எங்கே வேலை கிடைக்கும் என்று யோசிக்க ஆரம்பித்தேன். எட்டிப் பார்த்தால், டாக்டர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சீட்டைப் படித்துக்கொண்டிருந்தார். பிறகு வலைக்கு அருகே குனிந்து தையலைப் பார்த்தார்.

“போன வாரம் அந்த வண்டிக்காரன் காலுக்கு நீ போட்ட தையலைவிட இது நன்றாக இருக்கிறது” என்றார்.

டாக்டர் வெளியே வந்ததும் மண்டிக்காரர் கேட்டார்: “அந்தம்மாவுக்கு எப்டி கீது, டாக்டரய்யா?”

“தேறிவிடுவாள். பையை மட்டும் இப்போது எடுக்க முடியாது.”

“பாவம், பொம்பள. அவங்களுக்கே இருக்கட்டும். நான் செங்கல்லுல ஒத்தடம் குடுத்துக்குறேன்.”

பங்குனி வெயில் ஏறியது. தையல் ஆறிவிட்டது. முனுசாமிக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முனுசாமியும் கம்பவுண்டரும் நானும் கூண்டை நூம்பலுக்குத் தூக்கிக்கொண்டு போனோம். கம்பவுண்டர் வலையைத் திறந்தார். பாம்பு ஒரு நொடி நின்றது. பிறகு வரப்போரமாக ஓடி மறைந்தது.

“திரும்பிக்கூடப் பாக்கல” என்றார் கம்பவுண்டர்.

“பாம்புதானே” என்றேன்.

“அதான் நானும் எனக்குச் சொல்லிக்கிட்டு இருக்கேன்” என்றார்.

மறுநாள் மதியம் அவர் வழக்கம்போலப் பின்னறையில் தனியாகச் சாப்பிட உட்கார்ந்தார். அத்தனை மாதமும் பாம்புக்குப் பயந்து நான் அங்கே சாப்பிடப் போனதில்லை. அன்று என் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு போய் அவர் எதிரில் உட்கார்ந்தேன். அவர் தான் உட்கார்ந்திருந்த பலகையைக் கொஞ்சம் நகர்த்தி இடம் விட்டார்.