பத்துக்கு மூன்று உண்மை

பத்தில் ஏழு விடுப்பு விண்ணப்பங்கள் பொய் என்று நாளிதழ் ஒன்று ஆய்வு செய்து வெளியிட்டது. அதுவரை எங்கள் அலுவலகத்தில் மாதத்துக்கு இரண்டு பேர்தான் பொய் சொல்லிவந்தார்கள். செய்தியைப் படித்ததும் மற்றவர்களுக்கு, இத்தனை வருஷம் ஏமாந்துவிட்டோமே என்று மனசு ஆறவில்லை. அந்த வாரமே தட்டச்சருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. காசாளருக்கு வயிறு கெட்டது. வாகனமே இல்லாத எங்கள் அலுவலகத்தின் ஓட்டுநருக்குத் தலை சுற்றியது.

நிர்வாகம் சும்மா இருக்குமா? சுற்றறிக்கை வந்தது. 'பார்வையில் காணும் செய்தியின்படி, இனி மாதந்தோறும் பத்து விண்ணப்பங்களில் மூன்று உண்மையாகவும் ஏழு பொய்யாகவும் இருத்தல் வேண்டும். விகிதம் மீறப்படலாகாது.'

என் மனைவிக்கு இடது கண்ணில் புரை. நாலு மாதம் காத்திருந்து, அறுவை சிகிச்சைக்கு வியாழக்கிழமை கிடைத்திருந்தது. மருத்துவமனைச் சீட்டை இணைத்து விண்ணப்பத்தைக் கண்காணிப்பாளரிடம் நீட்டினேன்.

"உண்மையா?" என்றார்.

"உண்மைதான் சார்."

"அடடா, இந்த மாசத்து உண்மை மூணும் முடிஞ்சுபோச்சேய்யா."

"யாரு சார் எடுத்தது?"

"தட்டச்சர், காசாளர், ஓட்டுநர். முந்திக்கிட்டாங்க."

"மூணு பேரும் சேர்ந்து சினிமாவுக்குப் போனாங்க சார்!"

"அது பதிவேட்டுல இல்ல. பொய்யில நாலு இடம் காலியா இருக்கு. எழுதுறீங்களா?"

"ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்கே சார்."

"அதான் இடைஞ்சல். முதல்ல அதைக் கிழிச்சுப் போடுங்க."

முப்பது வருஷ சர்வீஸில் முதல் பொய். எழுதிக் கொடுத்தேன்.

"யாரு செத்தது?"

"பெரியப்பா."

"உங்களுக்குப் பெரியப்பா உண்டா?"

"இல்ல சார்."

"அப்ப சரி." கையெழுத்துப் போட்டார்.

வியாழன் காலை, கண்ணில் சொட்டு மருந்து விட்டு மனைவியை உட்கார வைத்திருந்தார்கள். நர்ஸ் வந்தாள்.

"டாக்டர் இன்னைக்கு லீவு. அவர் மாமனார் தவறிட்டாரு. உங்களுக்கு வேற தேதி தருவாங்க."

"டாக்டர் எந்தப் பேப்பர் வாங்குறாரு?" என்று கேட்டேன்.

"என்ன சார் இப்படிக் கேக்குறீங்க? நான் அந்த வீட்டுலேருந்துதான் வரேன்." சொல்லும்போதே அவளுக்குக் குரல் உடைந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள்.

"பாவம்ங்க, அழுதுட்டே போகுது அந்தப் பொண்ணு" என்றாள், கண் மங்கிப்போன என் மனைவி.

எனக்கு இரண்டு கண்ணும் நன்றாகத் தெரியும். நான் நம்பவில்லை.