அப்பாவின் வயிற்றில் கொன்ராடின் காற்று

ஹெல்லவிக்,
மே 17, இரவு (உண்மையில் 18 ஆகிவிட்டது)

அன்பும் மரியாதையும் உள்ள போர்கில்ட் அத்தைக்கு,

எம்ப்லா எழுதுவது. நானும் அம்மாவும் பூனையும் இங்கே சுகம். ட்ரொம்சோவில் பனியும் உங்கள் முழங்காலும் இந்நேரம் கொஞ்சம் இளகியிருக்கும் என்று நம்புகிறேன். பிறந்தநாளுக்கு நீங்கள் பின்னி அனுப்பிய கையுறைகள் மிகவும் அழகு. ஒன்று மட்டும் பெரிது. அப்பா சுகமா என்று கேட்பீர்கள். அதற்குத்தான் இந்தக் கடிதம். கைப்பேசியில் எழுதினால் அம்மா பார்த்துவிடுவாள். அதனால் கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவே தரையில் உட்கார்ந்து, நெற்றி விளக்கைக் காலுறையால் பாதி மூடிக்கொண்டு காகிதத்தில் எழுதுகிறேன். முழங்காலில் வைத்து எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும், மன்னிக்கவும். என் கட்டிலில் அம்மா தூங்குகிறாள்.

அம்மா என் கட்டிலில் தூங்குவது உங்களுக்குத் தெரிந்ததுதான். உங்கள் தம்பியின் குறட்டை, கார் ஏற்றும் படகு துறையைத் தொடும்போது இரும்புப் பலகை சிமெண்டில் உரசுமே, அப்படி இருக்கும். எனக்கு ஏழு வயதானபோது ஒரு நாள் அம்மா தன் போர்வையைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு என் அறைக்கு வந்தாள். நாலு வருடம் திரும்பிப் போகவில்லை. ஐஸ் மாதிரி இருக்கும் காலை என் காலில் வைத்துச் சூடேற்றிக்கொள்வாள். அவள் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் யாருடைய பல்செட்டை யார் மாட்டிக்கொண்டார்கள் என்று இருட்டில் சொல்வாள். என் வகுப்பில் வேறு யாருக்கும் அம்மா இப்படி முழுசாகக் கிடைத்ததில்லை. அது எனக்குத் தெரியும், அதனால் நான் யாரிடமும் சொல்லவில்லை.

பிப்ரவரியில் கொன்ராட் வந்தான். அப்பா படகுத்துறையில் ஆரஞ்சுச் சட்டையோடு நின்றபடியே தூங்கிவிட்டார். படகில் ஏற அவர் கையசைப்பார் என்று ஐந்து கார்களும் ஒரு பால் லாரியும் காத்துக் கிடந்தன. தூக்கத்தில் அவருக்கு மூச்சு நின்று நின்று வருகிறது, அதனால்தான் பகலில் கண் சொக்குகிறது என்று டாக்டர் சொல்லி, ராத்திரி முழுக்க முகமூடி வழியாகக் காற்று ஊதுகிற இயந்திரம் ஒன்றைக் கொடுத்தார். படுக்கையறையில் மூன்றாவது ஆள் இருந்தால் பெயராவது தெரிய வேண்டும் என்று அப்பா அதற்குக் கொன்ராட் என்று பெயர் வைத்தார். முதல் ராத்திரியே குறட்டை நின்றது. அம்மா போர்வையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். வாசலில் நின்று ஒரு தடவை திரும்பிப் பார்ப்பாள் என்று காத்திருந்தேன். பார்க்கவில்லை.

அத்தை, அம்மா தினமும் காலையில் கொன்ராடின் முகமூடியை மென்மையான சோப்பு போட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, துண்டில் ஒற்றி எடுக்கிறாள். என் தலையைப் பின்ன நேரமில்லை. அவனுக்கென்று தனியாகத் தண்ணீர் வாங்குகிறாள். காலையில் எழுந்ததும் முதல் கேள்வி, "கொன்ராட் ஒழுங்கா இருந்தானா?" நான் ஒழுங்காக இருந்தேனா என்று யாரும் கேட்பதில்லை.

ஆனால் அவன் ஒழுங்காக இல்லை. மூச்சுக்குழாய்க்குப் போக வேண்டிய காற்றில் பாதி வயிற்றுக்குப் போய்க்கொண்டிருந்தது. அப்பா தூக்கத்திலேயே அதை விழுங்கிவிடுகிறார். காலையில் அவருடைய பெல்ட்டை இரண்டு ஓட்டை தளர்த்தியும் போதவில்லை. ரொட்டியில் பழுப்புப் பாலாடைக்கட்டியை வைப்பதற்குள் ஏப்பம் வரும், பூனை மேசைக்கடியிலிருந்து எழுந்து போகும். கீழ்வழியாகவும் வரும், அதை எழுதவில்லை. நான் ஏப்பம் விட்டால் அம்மா, "சாப்பிடற இடத்துல என்னடி இது?" என்பாள். அப்பா விட்டால் சிரிக்கிறாள். காலையில் அவர்கள் கதவுக்குப் பின்னால் ஏப்பம், சிரிப்பு, ஏப்பம், சிரிப்பு என்று கேட்கும். நான் தனியாகப் படுத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன்.

இனி எழுதுவதைப் படித்ததும் கிழித்துவிடுங்கள். பதினைந்து நாளுக்கு முன் அப்பா கைப்பேசியைச் சமையலறையில் மறந்துவிட்டுப் படகுக்குப் போய்விட்டார். மணி அடித்தது, எடுத்தேன். தூக்கச் சிகிச்சை நர்ஸ்.

"அப்பா வயிறு உப்புதுன்னு சொல்லியிருந்தாரே, அதுக்குத்தான் கூப்பிட்டேன். எழுதிக்கிறியா கண்ணு? ராத்திரி சீக்கிரம் சாப்பிடணும், சோடா கூடாது. கட்டிலோட தலைப்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கி வைக்கணும். ஒருக்களிச்சுப் படுக்கணும். காத்தோட அழுத்தத்தையும் முகமூடியையும் நாங்க சரிபார்த்துத் தருவோம், கூப்பிடச் சொல்லு. எங்களைக் கேக்காம மெஷினை நிறுத்த மட்டும் கூடாது. சொல்லிடுவியா?"

"சொல்லிடறேன்," என்றேன். கடைசி வரிக்கு அடிக்கோடுகூடப் போட்டேன். பிறகு சீட்டை மடித்து என் கிளாரினெட் பெட்டியில் வைத்துவிட்டேன். காற்றுத் தொல்லை தாங்காமல் அப்பா கொன்ராடைத் திருப்பிக் கொடுத்தால் அம்மா திரும்பி வருவாள் என்று மட்டும்தான் நினைத்தேன். வேறு எதையும் நினைக்கவில்லை. சத்தியமாக.

இன்று காலை தேசிய தினத்துக்காக, போரில் இறந்தவர்களின் நினைவுக்கல் முன்னால் ஊரே கொடிகளோடு நின்றது. கல்லுக்கு மாலை வைத்தார்கள். ஒரு நிமிட மௌனம். வாத்தியக் குழுவில் எனக்குப் பின்னால் அப்பா தன் பெரிய பித்தளை ட்யூபாவை உதட்டில் பொருத்தித் தயாராக நின்றார். அப்போதுதான் கொன்ராடின் ராத்திரிக் காற்று மேலே வந்தது. அத்தை, ஏப்பம் வேறு, ட்யூபா வழியாக வரும் ஏப்பம் வேறு. படகுத்துறையிலிருந்த கடற்காகங்கள் எல்லாம் எழும்பிவிட்டன. அதை ஆரம்பிக்கச் சைகை என்று எடுத்துக்கொண்டு பெரிய மேளக்காரர் அடிக்க ஆரம்பித்தார், எல்லோரும் வாசிக்க ஆரம்பித்தோம், ஊர்வலம் கிளம்பிவிட்டது. பேச்சை இன்னும் ஆரம்பிக்காத தலைமையாசிரியை காகிதத்தோடு கல் பக்கத்தில் தனியாக நின்றார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கொன்ராடை அலமாரியில் வைத்துச் சாத்தினார்.

"டாக்டரைக் கேக்காம நிறுத்தாத, யூஸ்டெய்ன்," என்றாள் அம்மா.

"ஊரே கேட்டுடுச்சு ஹெர்டிஸ். இனிமே எந்த டாக்டரைக் கேக்கறது?"

அம்மா சிரிக்கவில்லை. ராத்திரி போர்வையோடு என் அறைக்கு வந்தாள். நான் ஜெயித்துவிட்டேன். அவள் காலுக்காக என் காலை நீட்டி வைத்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் குறட்டை ஆரம்பித்தது, பிறகு நின்றது.

"அப்பாடா, சத்தம் நின்னுடுச்சும்மா. இனி தூங்கலாம்."

"ஷ்ஷ். பத்து, பதினொண்ணு..."

"என்னம்மா எண்ணறே?"

"மூச்சு நின்ன நேரத்தை. நாலு வருஷமா இங்க படுத்து இதைத்தானே எண்ணிக்கிட்டிருந்தேன். சத்தம் இருந்தா நிம்மதி. நின்னாதான் பயம். அங்க படுத்தா விடிய விடிய எழுப்பிக்கிட்டே இருப்பேன், அவரும் தூங்க மாட்டார்."

அப்படியானால் அந்த நாலு வருடமும் அவள் எனக்குக் கிடைக்கவில்லை. பல்செட் கதை சொல்லும்போதும் காது சுவரில்தான் இருந்திருக்கிறது. பொறாமையில், நீட்டி வைத்த காலை மடக்கிக்கொண்டேன். பிறகு அவள் கண்மூடிவிட்டாள், நான் எண்ண ஆரம்பித்தேன். பதினேழு. இருபத்து மூன்று. இருபத்தெட்டு. அத்தை, அப்பா திரும்ப மூச்சு விடாவிட்டால் அது என் கிளாரினெட் பெட்டியால்தான்.

எனவே ஓர் உதவி. சீட்டை உள்ளே வைத்திருக்கிறேன். கடிதம் கிடைத்ததும் அப்பாவைக் கூப்பிட்டு, இதெல்லாம் நீங்களாகவே எங்கோ கேள்விப்பட்டது போலச் சொல்லுங்கள். என் பெயர் வர வேண்டாம். நீங்கள் அக்கா, சொன்னால் கேட்பார்.

முழங்காலுக்கு முத்தம். மாமாவுக்கும் உங்கள் நாய்க்கும் என் வணக்கம். எல்லோரும் நிறைய நாள் மூச்சு விட வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

உங்கள் மருமகள்,
எம்ப்லா

பின்குறிப்பு: மேலே சொன்ன எதையும் செய்ய வேண்டாம். உறையை ஒட்டும்போது சத்தம் மறுபடி நின்றது. முப்பது. முப்பத்து நாலு. ட்ரொம்சோவுக்குக் கடிதம் போக நாலு நாளாகுமே என்று நினைத்துச் சுவரைத் தட்டக் கை ஓங்கினேன். எனக்கு முன்னால் ஒரு கை தட்டிவிட்டது. அம்மா தூங்கவே இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் இரும்புப் பலகை உரசியது. என் வாழ்க்கையில் கேட்ட நல்ல சத்தம் அதுதான். உறையைக் கிழித்துச் சீட்டை எடுத்து நீட்டினேன்.

நெற்றி விளக்கு வெளிச்சத்தில் படித்தாள். "பதினஞ்சு நாளாவாடி?"

"ம்."

"யாருக்குப் பயந்தே? எனக்கா, அவருக்கா?"

"கொன்ராடுக்கு."

அடிக்கோடு போட்ட வரியில் விரலை வைத்தாள். "நாளைக்கு எட்டு மணிக்கு நீயே நர்ஸைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்றே," என்றாள். பிறகு என் பின்னலை ஒரு தடவை இழுத்துவிட்டு ஓடினாள்.

இப்போது அவர்கள் கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் நாலு பாட்டுப் புத்தகங்களும் என் கணக்குப் புத்தகமும் இருக்கின்றன. அப்பா ஒருக்களித்திருக்கிறார். கொன்ராட் வேலைக்குத் திரும்பிவிட்டான். தபால்தலை வீணாகக் கூடாது என்றுதான், கிழிந்த உறையிலிருந்து அதைப் பெயர்த்து வேறு உறையில் ஒட்டி இதை அனுப்புகிறேன்.

அம்மா அவசரத்தில் தன் போர்வையை இங்கேயே விட்டுவிட்டாள். அங்கே இருப்பது அப்பாவின் ஒற்றைப் போர்வை, அவருக்கே போதாது. எப்படியும் எடுக்க வருவாள். சுவருக்கு அந்தப் பக்கம் இப்போது ஒரு ஏப்பம், சின்னதுதான். இரண்டு பேர் சிரிக்கிறார்கள். நான் அவள் கால் வைக்க இடம் விட்டுப் படுத்து, அவள் வரும்வரை எண்ணிக்கொண்டிருக்கிறேன். இருநூற்றுப் பன்னிரண்டு வரை வந்துவிட்டது.