கை மட்டும் வந்த அண்ணாச்சி

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து இராஜபாளையத்துக்கு எத்தனையோ பேர் தினமும் வேலைக்கு வந்தார்கள். ஆளை வீட்டில் விட்டுவிட்டுக் கையை மட்டும் வேலைக்கு அனுப்பியவர் எக்ஸ்டென்ஷன் அண்ணாச்சி ஒருவர்தான். அவரைப் பெற்றவர்கள் வைத்த பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது.

தொண்ணூறுகளின் நடுவில் நான் இராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் கணக்கு எழுதினேன். முதலாளி ஒரு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டார். கறுப்புத் திரை, பச்சை எழுத்து. அது அடிக்கடி படுத்துக்கொள்ளும். எழுப்பிவிட ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அண்ணாச்சி டவுன் பஸ்ஸில் வருவார்.

மனிதர்களோடு நேருக்கு நேர் பேசுவது அவருக்கு ஆகாது. என் எதிர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு என் மேஜை இன்டர்காமை அடிப்பார்.

"தம்பி, அந்த ஃபேன செத்த நேரம் நிறுத்துங்க. பஞ்சு பறக்கு."

"அண்ணாச்சி, எதுத்தாப்லதான இருக்கேன். வாயத் தொறந்து சொல்லலாம்ல?"

"மொகத்தப் பாத்தா சொல்ல வந்தது மறந்து போகுது தம்பி."

போனை வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். டவுன் பஸ்ஸிலோ திரும்பின பக்கமெல்லாம் முகம். அதனாலேயே ஒருநாள் பால்கோவா டப்பா ஒன்றை எங்கள் கம்பெனி பேண்டேஜ் துணியில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். வாட்ச்மேன் பங்கு கேட்டு மூடியைத் திறந்தால், உள்ளே மோடம்.

கம்பெனியின் டெலிபோன் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு இன்டர்காமில் எனக்கு விளக்கினார். "வெளிய இருந்து வார போன் அம்புட்டும் இந்தப் பெட்டிக்குத்தான் வரும். உள்ள யாரப் பாக்கணும்னு அதுக்குத் தெரியாது. சாயந்தரம் இந்தச் சுவிட்ச லீவு பக்கம் தள்ளிட்டீகன்னா, நேரா கம்ப்யூட்டர் ரூம் எக்ஸ்டென்ஷனுக்குக் கொண்டுபோய் விட்டுரும். அங்க மோடம் எடுக்கும். பொறவு நான் எங்க வீட்டுல தட்டுனா இங்க எழுத்து விழும்."

இதற்காகத் தன் வீட்டு டெலிபோனையே பிரித்துப் போட்டுவிட்டார். காதில் வைக்கிற ரிசீவரே கிடையாது. அந்த லைனில் மிஷினும் மிஷினும்தான் பேசலாம். நிறைய இடம் வேண்டுமென்று வீட்டுக் கம்ப்யூட்டரைத் தரையில் வைத்துச் சம்மணம் போட்டுத் தட்டுவார்.

முதல் சாயங்காலம். எல்லோரும் போனபின் பெருமாள் படத்துக்கு விளக்கேற்றிக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டர் அறைக்குள் வாலில் மிதிபட்ட பூனை மாதிரி ஒரு கீச்சல். எட்டிப் பார்த்தால், யாருமில்லாத நாற்காலிக்கு முன்னால் எழுத்துகள் வரிசையாக விழுகின்றன. நாராயணா என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். சரக்குக் கணக்கு திறந்தது, திருந்தியது, மூடியது. கடைசியில் ஆங்கில எழுத்தில் தமிழாக ஒரு வரி வந்து நின்றது: விளக்கு போட்டாச்சா?

ஒரு விரலால் தேடித் தேடி 'ஆச்சு' என்று அடித்தேன். கீச்சல் நின்றது. அதற்குப் பிறகு தினமும் போகும்போது அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் அவர் போனதில்லை.

எனக்குப் பழகிவிட்டது. நூல் சுற்றும் வைண்டிங்கில் இருந்த மாரியக்காவுக்குப் பழகவில்லை. கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுப் பக்கத்துப் பெண்ணிடம் சொன்னாள்: "ஏட்டி, ஆளக் காணும், எழுத்து மட்டும் எறும்பு கணக்கா ஊருது. எவளோ செத்தவ வந்து கணக்குப் பாக்கா." மேஸ்திரி உடனே அறை வாசலில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டினார். அடுத்த முறை வந்த அண்ணாச்சி அதைப் பார்த்துச் சிரிக்கக்கூட இல்லை. இன்டர்காமை அடித்தார். "தம்பி, பழத்தக் கொஞ்சம் தள்ளிக் கட்டச் சொல்லுங்க. சாறு ஒயர்ல விழுது."

அந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. பூஜையில் வைத்த கருவியை மறுநாள் வரை தொடக்கூடாது என்பதில் அண்ணாச்சி என்னைவிடக் கெட்டி. முந்தின சாயங்காலமே 'நாளைக்கு எந்த மிஷினையும் தொட மாட்டேன்' என்று அடித்துவிட்டுத்தான் போனார்.

விடுமுறை என்பதால் சுவிட்ச் லீவு பக்கம் கிடந்தது. கம்ப்யூட்டரை முதலாளி அணைக்க விடவில்லை, திரை விளக்கு மாதிரி எரியட்டும் என்று சொல்லிவிட்டு வீட்டுப் பூஜைக்குப் போய்விட்டார். அதற்கு மாலை போட்டு, விசைப்பலகை முழுக்கச் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தோம். தறிகள் நின்றால் எங்கள் கம்பெனியில் மூச்சு விடுகிற சத்தம்கூடக் கேட்கும். அந்த அமைதியில் மேஸ்திரி சூடம் காட்டியபோது மோடம் கீச்சிட்டது.

மாலைக்கு நடுவே ஒவ்வோர் எழுத்தாக விழுந்தது. கதவு.

கொஞ்சம் பொறுத்து இன்னொரு வார்த்தை. தண்ணி.

"தாயே, தண்ணி கேக்குதே," என்று முனகிக்கொண்டே மாரியக்கா ஓடிப்போய்ச் செம்பில் தண்ணீர் மொண்டு வந்து திரைக்கு முன்னால் வைத்துவிட்டுப் பின்னாலேயே நகர்ந்தாள்.

"கணக்குப்பிள்ளை, பிளக்கப் பிடுங்கிருவமா?" மேஸ்திரி சூடத்தட்டைக் கீழே வைத்தார்.

அண்ணாச்சி தொட மாட்டேன் என்றவர். அப்படியானால் அந்தப் பக்கம் இருப்பது யார்? மேஸ்திரி குனிந்து பிளக்கைப் பிடித்துவிட்டார். அப்போது மூன்றாவது வரி வந்தது.

விளக்கு போட்டாச்சா?

"பிடுங்காதீக. இது அண்ணாச்சி."

நான் விசைப்பலகைப் பக்கம் கையைக் கொண்டுபோனதும் மேஸ்திரி தடுத்தார். "பூஜையில வச்சதத் தொடலாமா?"

"அவிய தொட்டுட்டாகளே. அவியளுக்குத் தெரியாத பூஜையா?"

மனதுக்குள் ஆண்டாளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு சந்தனத்தின்மேல் விரலை வைத்தேன். 'என்ன ஆச்சு?'

அவர் அடித்தது துண்டு துண்டாக வந்தது. உத்தரத்தில் இருந்த ஒயர் பெட்டிக்குப் பொட்டு வைக்க ஸ்டூலில் ஏறியிருக்கிறார். விழுந்ததில் கால் முறிந்துவிட்டது. கதவு உள்தாழ்ப்பாள். தெருவில் பூஜை ஒலிபெருக்கி அலறுவதில் அவர் கத்துவது யாருக்கும் கேட்கவில்லை. இழுத்து இழுத்துத் தரையில் இருந்த கம்ப்யூட்டர் வரைக்கும் வந்துவிட்டார். கூப்பிட அவருக்கு உலகத்தில் அந்த ஒரு வாசல்தான் இருந்தது.

மேஸ்திரி சந்தனம் வைத்த கடப்பாரையோடு கம்பெனி வேனில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பறந்தார். நான் திரை முன்னால் உட்கார்ந்தேன்.

'தம்பி இருக்கீகளா?'

'இருக்கேன்.'

'பயமா இருக்கு. பேசிக்கிட்டே இருங்க.'

முகம் பார்த்துப் பேசாத மனிதர். என் ஒற்றை விரலுக்குத் தெரிந்ததையெல்லாம் அடித்தேன். சூடம் காட்டியது, சுண்டலில் உப்புக் குறைந்தது, மாரியக்கா வைத்த தண்ணீர். 'அதக் குடிச்ச மாதிரி இருக்கு' என்று வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை.

நான் 'அண்ணாச்சி' என்று அடித்தேன். மறுபடி அடித்தேன். அடுத்த எழுத்து விழ வேண்டிய இடத்தில் பச்சைக் கட்டம் மட்டும் விட்டு விட்டுத் துடித்தது. பின்னால் பெண்கள் முணுமுணுவென்று கும்பிட ஆரம்பித்தார்கள்.

வெகுநேரம் கழித்து ஓர் எழுத்து விழுந்தது. அதைவிட நேரம் கழித்து இன்னோர் எழுத்து. இது அண்ணாச்சியின் கை இல்லை. முடிவில் கூட்டிப் படித்தால், மேஸ்திரி. எழுத்துகளைத் தேடியே பாதிப் பொழுது போயிருக்கிறது. அடுத்த வரி: மயக்கம். ஆள் தேவல.

தை பிறந்ததும் அண்ணாச்சி கம்பை ஊன்றிக்கொண்டு டவுன் பஸ்ஸில் வந்தார். எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். என் முகத்தைப் பார்த்தார். உதடு அசைந்தது. முடியவில்லை. இன்டர்காமை எடுத்தார்.

"தம்பி, கீயெல்லாம் சந்தனம் அப்பிப் போய் அமுங்க மாட்டேங்குதே."

"தொடச்சிரவா அண்ணாச்சி?"

"வேண்டாம். இருக்கட்டும்."

அதற்குப் பிறகு சில வருஷங்கள் இருந்தார். அவர் காலமான பின் மோடத்தைக் கழற்றி, அந்த எக்ஸ்டென்ஷனில் வெறும் டெலிபோனை மாட்டினார்கள். பிறகு கம்ப்யூட்டரும் வேறு அறைக்குப் போனது. காலி அறையில் டெலிபோன் எதற்கு என்றார் முதலாளி. கிடக்கட்டும் என்று கெஞ்சிக் கேட்டு வைத்திருக்கிறேன். ஆயுத பூஜை அன்று சுவிட்சை லீவு பக்கம் தள்ளிவிட்டு, அந்த டெலிபோனுக்குச் சந்தனம் வைத்து, பக்கத்தில் ஒரு செம்பு தண்ணீரும் வைத்துச் செத்த நேரம் உட்கார்ந்திருப்பேன்.

இந்த வருஷமும் மணி அடிக்கவில்லை. அவிய சுகமா இருக்காக போல.