மூக்கைத் தூக்கிய கார்

'தெரியாது' என்ற சொல் என் வாயிலிருந்து முதன்முதலாக வெளியே வந்தபோது எனக்கு வயது நாற்பத்தாறு. அதுவும் தானாக வரவில்லை. நெடுஞ்சாலை ஓரத்து டோனட் கடை ஒன்றின் வாகனத் தரிப்பிடத்தில், சேர்ட் முழுக்க நண்டுக் குழம்போடு நின்றபோதுதான் வந்தது.

அதற்கு முதல் நான் எல்லாம் தெரிந்தவன். ஸ்காபரோவில் பதினேழு வருசமாக நகரப் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். பெப்ரவரிப் பனியிலும் அந்த நீளப் பஸ்ஸைத் தரிப்பிடத்தோடு ஒட்டி நிறுத்துகிறவன். ஆகவே யாராவது வாகனம் பற்றிப் பேச்செடுத்தால் ஒரு சிரிப்புச் சிரிப்பேன். (அந்தச் சிரிப்பைக் கண்டால் கையில் இருக்கிறதை எறிய வேணும்போல இருக்கும் என்று என் மனைவி வதனி பிற்பாடு சொன்னாள்.)

அந்தக் கோடையில் ஒரு பழைய ட்ரெய்லர் வாங்கினோம். காருக்குப் பின்னால் கொழுவி இழுத்துக்கொண்டு போகிற சின்ன வீடு. உள்ளே கட்டில், அடுப்பு, பக்கவாட்டாக மட்டும் நுழையக்கூடிய ஒரு கழிப்பறை. விற்ற இடத்து மெக்கானிக், காரையும் ட்ரெய்லரையும் இணைக்கிற ஹிட்ச்சைப் பூட்டிக் காட்டினார். அது வெறும் கொக்கி இல்லை. இரண்டு பக்கமும் ஒவ்வொரு நீண்ட உருக்குச் சட்டம், அதன் நுனியில் ஒரு சங்கிலி. ட்ரெய்லரின் பாரம் காரின் பின்பக்கத்தை அமத்தும்போது முன்பக்கம் கிளம்பும். முன்சில்லு ரோட்டைச் சரியாகப் பிடிக்காவிட்டால் ஸ்டியரிங் சொன்னபடி கேட்காது, பிரேக்கும் கேட்காது. அந்தச் சங்கிலியை இழுத்து ட்ரெய்லரில் கொழுவினால் சட்டம் வில் மாதிரி வளைந்து, பாரத்தில் ஒரு பங்கை முன்சில்லுக்கும் அனுப்பிவிடும். சங்கிலியின் எந்தக் கண்ணியில் கொழுவுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இவ்வளவும் எனக்கு இப்போது தெரியும். அன்றைக்கு அந்த மனுசன் முக்கால் மணித்தியாலம் விளக்கியபோது, நான் ட்ரெய்லரில் சாய்ந்து நின்று படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்புக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். இடையிடையே "யெஸ், யெஸ், ஐ ஆம் எ பஸ் டிரைவர்" என்றேன். அவர் ஒரு தடவை பெருமூச்சு விட்டதாக ஞாபகம்.

ஓகஸ்ட் மாத நீண்ட வாரவிறுதிக்கு, மூன்று மணித்தியாலம் தள்ளி ஏரிக்கரையில் இருக்கிற ஒரு பூங்காவுக்குப் புறப்பட்டோம். நான், வதனி, பதினொரு வயது மகள் ஆரணி. பின்னால் தங்கள் காரில் வதனியின் தமக்கை பவா அக்காவும், அவரின் கணவர் யோகன் அண்ணையும். அவர்கள் யூனியன்வில்லில் இருக்கிறார்கள். யோகன் அண்ணை காப்புறுதி விற்கிறவர்.

அரிசி மூட்டை, தண்ணீர்ப் போத்தல் பெட்டிகள், கரம்போர்ட், கொத்து ரொட்டி போட ஒரு இரும்புத் தட்டு என்று பாரமான எல்லாவற்றையும் காரின் பின்பக்கத்திலும் ட்ரெய்லரின் முன்பெட்டியிலும் அடைத்தேன். எடுக்கச் சுகம் என்பதுதான் காரணம். சங்கிலிகளை இழுக்காமல் கொள்ளாமல் எட்டின கடைசிக் கண்ணியில் கொழுவினேன். உருக்குச் சட்டங்கள் இரண்டும் ஒரு வேலையும் இல்லாமல் தொங்கிக்கொண்டு வந்தன.

வாசலில் நின்று பார்த்த வதனி கேட்டாள்: "இஞ்சேருங்கோ, காரின்ர முன்பக்கம் கிளம்பி நிக்கிற மாதிரிக் கிடக்கு?"

"இழுக்கிற வண்டியெண்டா நெஞ்சை நிமித்தித்தான் நிக்கும். நீர் ஏறும்."

அஜின்கோர்ட்டைத் தாண்டும்போது எதிரே வந்த இரண்டு பேர் ஹோர்ன் அடித்துக் கையைக் காட்டினார்கள். நானும் பெருமையாகக் கையைக் காட்டினேன்.

"அப்பா, அவை ஹாய் சொல்லேல்லை" என்றாள் ஆரணி.

ஹைவேயில் ஏறிக் கொஞ்ச நேரத்தில் பவா அக்கா போன் எடுத்தா. கார் ஸ்பீக்கரில் அவவின் குரல் எல்லாருக்கும் கேட்டது. "தம்பி, உங்கட கார் ஏன் மூக்கைத் தூக்கிக்கொண்டு போகுது? ஆரோடயும் கோவமோ?"

"அது பவர் அக்கா, பவர்" என்றேன்.

சொல்லி முடிக்கவில்லை, ஒரு பெரிய லொறி எங்களைக் கடந்தது. அதன் காற்று பட்டதும் ட்ரெய்லர் வாலை ஆட்டியது. இடது பக்கம், வலது பக்கம், திரும்ப இடது பக்கம். ஸ்டியரிங்கைத் திருப்பினேன், தண்ணீருக்குள் கையை விட்டுத் துழாவுகிற மாதிரி இருந்தது. வதனி கதவுக் கைபிடியை இரண்டு கையாலும் பிடித்தாள். கண்ணாடியில் ஆரணியின் முகத்தைப் பார்த்தேன். பஸ்ஸில் இத்தனை வருசம் எத்தனையோ பேரை ஏற்றி இறக்கியிருக்கிறேன். ஒருநாளும் அப்படிப் பயந்ததில்லை. பிரேக்கைத் தொடாமல் மெல்ல மெல்ல வேகத்தைக் குறைத்து, அடுத்த வெளிவாசலால் இறங்கி, முதலில் கண்ட டோனட் கடைக்குள் விட்டேன்.

யோகன் அண்ணை பின்னால் வந்து நிறுத்தி, ட்ரெய்லரை ஒருக்கால், என்னை ஒருக்கால் பார்த்தார். "தம்பி, லைஃப் இன்சூரன்ஸ் இருக்குத்தானே?"

"சங்கிலி கொஞ்சம் லூஸ் அண்ணை, அவ்வளவுதான்."

ஒழுங்கான முறை, ட்ரெய்லரின் முன்னால் இருக்கிற ஜாக்கால் கொஞ்சம் உயர்த்திவிட்டுக் கொழுவுவது. எனக்கு அது எங்கே தெரியும்? நெம்புகிற கம்பியைச் செருகி, மூன்று கண்ணியை ஒரேயடியாக இழுக்கலாம் என்று முழுப் பலத்தையும் போட்டேன். என் பலத்தைவிட அந்த உருக்குச் சட்டத்துக்குப் பலம் கூட. கம்பி என் கையை உதறிக்கொண்டு, காதுக்கு ஒரு சாண் தள்ளிப் பறந்தது. பறந்துபோய், பவா அக்கா அப்போதுதான் எனக்குப் பக்கத்தில் திறந்து வைத்திருந்த குளிர்ப்பெட்டிக்குள், நண்டுக் குழம்புச் சட்டிக்கு மேலேயே விழுந்தது.

குழம்பு எழும்பியது. எங்கே எல்லாம் விழுந்தது என்று சொல்லத் தேவையில்லை. நண்டுக்கால் ஒன்று என் சேர்ட் பைக்குள் பேனை மாதிரிக் குத்தி நின்றது. கோப்பியோடு வெளியே வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். ஒரு கிழவர் கைகூடத் தட்டினார்.

வதனி மட்டும் சிரிக்கவில்லை. என் காதைப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"உங்களுக்கு உது பூட்டத் தெரியுமோ, தெரியாதோ?"

"தெரியாது."

வீடியோ எடுத்துக்கொண்டிருந்த ஆரணி போனைக் கீழே இறக்கினாள்.

வதனி காருக்குள் போய்க் கையேட்டை எடுத்து வந்தாள். அது இன்னும் பிளாஸ்டிக் உறைக்குள்தான் இருந்தது. டோனட் கடைச் சுவரோடு குந்தியிருந்து பத்து நிமிடம் வாசித்தாள். பிறகு கைப்பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தாள். வதனி வீட்டில் சாறி பிளவுஸ் தைக்கிறவள். நாடா இல்லாமல் அவள் கடைக்கும் போனதில்லை.

"சில்லுக்கு அடை வைச்சிட்டு ட்ரெய்லரைக் கழட்டுங்கோ."

கழட்டினேன். நிலத்திலிருந்து முன்சில்லுக்கு மேலே இருக்கிற தகட்டு வளைவுவரை அளந்தாள். முப்பத்துநாலு இஞ்சி. திரும்பக் கொழுவச் சொன்னாள், சங்கிலி இல்லாமல். முப்பத்தஞ்சரை.

"ஒண்டரை இஞ்சி கிளம்புது. அளவில்லாமல் தைச்ச பிளவுஸும் உப்பிடித்தான். பின்னால இழுத்தா முன்னால தூக்கும்."

அரிசியும் தண்ணீரும் கரம்போர்டும் ட்ரெய்லரின் நடுவுக்கு, சில்லுகளுக்கு மேலே போயின. நான் ஜாக்கைச் சுற்றினேன். ட்ரெய்லரின் மூக்கும் காரின் பின்பக்கமும் சேர்ந்து உயர்ந்தன. சற்றுமுன் என்னைக் கொல்லப் பார்த்த சங்கிலியை வதனி இரண்டு விரலால் தூக்கிக் கொழுவினாள். இறக்கி அளந்தோம். முப்பத்தஞ்சு. இன்னும் ஒரு கண்ணி இறுக்கினோம். முப்பத்துநாலேகால்.

"போதும். இதுக்கு மேல இறுக்கினா பின்சில்லு பிடிக்காதாம்."

"நானும் உதே கண்ணிதான் எண்டு நினைச்சனான்" என்றேன். வாய் சும்மா இராது.

"அளந்தனீங்களோ?"

யோகன் அண்ணை சிரிப்பை அடக்கமுடியாமல் தன் காருக்குப் பின்னால் போய் நின்றார்.

திரும்ப ஹைவே ஏறினோம். லொறிகள் கடந்தன, ட்ரெய்லர் லேசாக ஒரு தரம் அசைந்துவிட்டுப் பேசாமல் வந்தது. பின்னேரம் ஏரிக்கரைக்குப் போய்ச் சேர்ந்து, சோறும் சொதியும், தப்பிப் பிழைத்த அரைச்சட்டி நண்டும் சாப்பிட்டோம். அதைப்போல ருசியாக நான் அதற்குப் பிறகு சாப்பிடவில்லை. வதனி என் தட்டில் இரண்டாவது தரமும் நண்டு போட்டாள். மன்னிப்பு அப்படித்தான் வரும் எங்கள் வீட்டில்.

ஆறு கோடை போய்விட்டது. இப்போதும் ஒவ்வொரு பயணத்துக்கும் முதல் வதனி அளக்கிறாள், நான் ஜாக் சுற்றுகிறேன். பூங்காக்களில் பக்கத்து ட்ரெய்லர்க்காரர் அவளைத் தேடி வருகிறார்கள். நான் கதிரை போட்டுத் தேத்தண்ணி கொடுக்கிறேன். "அளந்தனீங்களோ?" என்பது மட்டும் எங்கள் குடும்பத்தில் நிலைத்துவிட்டது. கறிக்கு உப்புக் காணாது என்றாலும் அதுதான், பெடியன் கட்டை, உயரம் காணாது என்று கல்யாணப் பேச்சில் யாராவது சொன்னாலும் அதுதான்.

போன கிழமை ஆரணிக்குக் கார் நிறுத்தப் பழக்கினேன். பக்கத்தில் இருந்தபடி, "போதும் பிள்ளை, பின்னால இனி இடமில்லை" என்று கத்தினேன். அவள் பிரேக்கைப் பிடித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை, புருவத்தை மட்டும் உயர்த்தினாள்.

இறங்கிப் போய்ப் பார்த்தேன். நாலடி இடம் இருந்தது.