தாழ்ப்பாள் போட்ட தத்துவம்

"என் பை டிராமிலேயே போயிடுச்சு. பேச வேண்டியது மொத்தமும் அதுலதான் இருக்கு" என்றார் ஹென்னிங், மூச்சிரைக்க.

மேசைக்குப் பின்னாலிருந்த மூவரும் மும்முரமாகக் குறிப்பெடுத்தார்கள்.

ஹென்னிங் தத்துவ விரிவுரையாளர், வயது நாற்பத்தாறு. ஜெர்மனியில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தற்காலிக வேலை முடிந்து ஊர் மாறுகிறவர். எப்படியும் காலி செய்யத்தானே போகிறோம் என்று எந்த வீட்டிலும் அவர் மனைவி வீப்கே திரைச்சீலை மாட்டியதில்லை. இன்று நாடகத் துறையில் நிரந்தரப் பேராசிரியர் வேலைக்குச் சோதனை விரிவுரை. தலைப்பு, 'விமர்சனத் தத்துவம் நிகழ்த்துகலை அல்ல'. நாடகத் துறைக்கே வந்து இப்படித் தலைப்பு வைக்க அவரால்தான் முடியும். தாமதமாகிவிட்ட பதற்றத்தில், கீழ்த்தளத்தில் 'தேர்வுக்குழு' என்று ஒட்டியிருந்த கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்திருந்தார்.

"பை இல்லாம வரணும்னு எப்ப முடிவு பண்ணீங்க?" என்றார் நடுவிலிருந்த குழுத் தலைவி. தலை நிறைய நரை, கோட்டுத் தோளெல்லாம் வெள்ளைத் தூள். நாடகக்காரர்கள் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டார் ஹென்னிங்.

"முடிவு பண்ணலைங்க. தொலைச்சுட்டேன்!"

மூவரும் விரல் முட்டியால் மேசையைத் தட்டினார்கள். பல்கலைக்கழகத்தில் கைதட்டல் அதுதான்.

கதவு திறந்தது. கட்டடப் பொறுப்பாளர் கோவால்கே சாவிக்கொத்தோடு எட்டிப் பார்த்தார். "டாக்டர், இந்த ரூம் வந்து..."

"இவரும் உங்க நிகழ்ச்சியில வர்றாரா?" தலைவியின் முகம் மலர்ந்தது.

"ஐயோ, இல்லை! நீங்க வெளிய போங்கய்யா!"

"நான் சொல்றதைக் கொஞ்சம்..."

ஹென்னிங் அவரைத் தள்ளி, கதவைத் தாழிட்டார்.

"நிஜம் வந்து கதவைத் தட்டுது, தத்துவம் தாழ்ப்பாள் போடுது" என்று உருகினார் தலைவிக்குப் பக்கத்திலிருந்த மீசைக்காரர். மறுபடி மேசைத் தட்டல்.

"இது நடிப்பில்லை! அறிவு தன்னோட எல்லை எதுன்னு தன்னையே விசாரிக்கிறதுதான் விமர்சனத் தத்துவம். அதுக்குப் பார்க்க ஆள் வேண்டாம்!"

"அப்புறம் ஏன் எங்களைப் பார்த்துச் சொல்றீங்க?" என்றார் தலைவி.

ஹென்னிங் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று சொன்னார். தட்டல் பலத்தது. வாயை மூடிக்கொண்டார். மூன்றாமவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நிஜமாகவே தவிக்கிறோமா, தவிப்பதாகக் காட்டிக்கொள்கிறோமா என்று ஹென்னிங்குக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"ஒரே கேள்வி" என்றார் தலைவி. "இவ்வளவும் நடிப்புதானே? ஆமான்னா வேலை உங்களுக்கு."

இருபது வருடக் கொள்கை ஒரு பக்கம், திரைச்சீலை ஒரு பக்கம்.

"ஆமாங்க" என்றார் தரையைப் பார்த்தபடி. "பை, டிராம், அந்த ஆள், எல்லாமே நடிப்புதான்."

"வாழ்த்துகள், பேராசிரியரே!"

வெட்கமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன. உடனே போனை எடுத்தார். "வீப்கே, திரைச்சீலை தைக்கக் குடுத்துடு!"

பிறகு தாழ்ப்பாளை நீக்கினார். வெளியே கோவால்கே அதே இடத்தில் நின்றிருந்தார்.

"பசங்களா, தேர்வுக்குழுவா நடிக்கிற பரீட்சை முடிஞ்சுதா? போய் அந்த நரைப் பவுடரைக் கழுவுங்க" என்றவர் ஹென்னிங்கிடம் திரும்பினார். "இதைத்தான் டாக்டர் சொல்ல வந்தேன். நிஜக் குழு மூணாவது மாடியில இவ்வளவு நேரம் உங்களுக்காகக் காத்திருந்துட்டு, இப்பத்தான் இந்த வழியா வீட்டுக்குப் போச்சு."